எந்த இலை பழுத்தது?

இலையின் பருவங்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை ஆண்டுதோறும் என் மாணாக்கருக்குக் கற்பித்து வருகிறேன். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஓர் இலையின் வாழ்நாள் முழுவதையும் ஐந்து சொற்களால் அளந்த மொழி இது என்று பெருமிதத்தோடு கூறுவேன். பனைக்கும் தென்னைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, தாழைக்கு மடல் என்னும் வேற்றுமைகளையும் எடுத்துரைப்பேன். மாணாக்கர் எழுதிக்கொள்வர், பரீட்சையிற் பிழையின்றி ஒப்புவிப்பர். அச்சொற்களின் பயன் அவ்வளவே என்று ஏறக்குறைய முப்பதாண்டுக் காலம் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று என எனக்கு உணர்த்தியது, என் படிப்பறை யன்னலோரத்தில் இருந்த ஒரு பூச்சாடியே.

அதிலே வளர்ந்தது மணிப்பிளான்ற் எனப்படும் கொடி. பசிபிக் சமுத்திரத்துத் தீவொன்றிற் பிறந்து, இன்று நம் நாட்டில் வீட்டுக்கு வீடு போத்தலிலும் சாடியிலும் வாழ்வது. என் இல்லாள் தன் தாய்வீட்டிலிருந்து ஒரு துண்டு கொணர்ந்து வளர்த்தது. மகளின் பேறுகாலத்துக்காக அவள் கொழும்புக்குப் புறப்பட்டபோது, "இஞ்சாருங்கோ, அந்தக் கொடிக்குத் தண்ணி விட மறந்திடாதேங்கோ" என்று சொல்லிச் சென்றாள். மாமியார் காலமாகிவிட்டார், அவ்வீடும் கைமாறிவிட்டது. எஞ்சியிருந்தது அந்தக் கொடி ஒன்றே. ஆதலின் அதனைக் காப்பதை ஒரு கடமையாகவே மேற்கொண்டேன்.

மூன்று வாரம் சென்றதும் இலைகள் மஞ்சளித்தன. தாகம் என்று துணிந்து காலையும் மாலையும் நீர் வார்த்தேன். இலைகள் துவண்டு தொங்கின. பசி என்று துணிந்து கடையிற் பசளை வாங்கி இட்டேன். நிலைமை முன்னையினும் மோசமாயிற்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பல்லாண்டு பாடஞ் சொன்னவன் நான். நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின்னரே தணிக்கும் வழியை ஆராய வேண்டும் என்னும் முறையை வகுப்பிலே விரித்துரைத்தவன், என் வீட்டில் நடுப்படியைத் தாண்டி நேரே மருந்துக்குப் பாய்ந்தேன்.

அவ்வேளையில் என்னைக் காணவந்தார், இளைப்பாறிய விவசாயப் போதனாசிரியரான நண்பர் ஒருவர். கொடியைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வினா இது: "பண்டிதர், முதலில் எந்த இலை பழுத்தது? அடியிலையோ, குருத்தோ?"

எனக்கு விடை தெரியவில்லை. இலைகள் பழுத்ததைக் கண்டேனேயன்றி, எந்த இலை என்று நோக்கினேனல்லன்.

அவர் சாடி மண்ணுள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தார். சாடியின் கீழிருந்த தட்டில் தேங்கி நின்ற நீரைக் காட்டினார். பின்னர்ச் சாடியைக் கவிழ்த்துக் கொடியை மெல்ல வெளியே எடுத்தார். வெண்மையாயும் உறுதியாயும் இருக்க வேண்டிய வேர்கள் கபில நிறமாகி, தொட்ட இடத்திற் கழன்றன. அழுகல் நாற்றமும் வீசிற்று. "தண்ணியில நிண்டுகொண்டு தண்ணியில்லாமற் சாகுது" என்றார்.

வேரும் மூச்சுவிடும் என்பதை நான் மறந்திருந்தேன். மண்துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்து அது ஒட்சிசனைப் பெறுகிறது. அவ்விடைவெளிகளை நீர் ஓயாது அடைத்துக்கொண்டால் வேர் மூச்சடைத்து இறக்கும். பூஞ்சணம் முதலியன அதனை அழுகச் செய்யும். இறந்த வேர் நீரை உறிஞ்சாது. எனவே ஈரமண்ணில் நிற்கும் செடியும் நீரற்ற செடியைப் போலவே வாடும். இரண்டுக்கும் முகக்குறி ஒன்றே. வேறுபாட்டை அறிய இலையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதன்பின் நண்பர் தம் வினாவின் பொருளை விளக்கினார். செடிக்கு வேண்டிய சத்துக்களிற் சில, ஓரிலையிலிருந்து மற்றோரிலைக்குச் செல்லவல்லவை. நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் என்பன இவ்வகையின. இவை குறையுங் காலத்தில் முதிய இலை தன்னிடத்துள்ளதைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளிறும். ஆதலின் நோய்க்குறி அடியிலையில் முதலிலே தோன்றும். இலை முழுவதும் ஒருசேர மஞ்சளித்தால் நைதரசன் குறைவு என்றும், நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளித்தால் மகனீசியக் குறைவு என்றும், விளிம்பு கருகினால் பொற்றாசியக் குறைவு என்றும் ஐயுறலாம். இரும்பும் கல்சியமும் அவ்வாறு எளிதில் இடம்பெயரா. அவை குறைந்தால் வாடுவது குருத்து. முதிய இலை பச்சையாகவே நிற்கும்.

இதனை மெய்ப்பிக்க என் வீட்டிலேயே மற்றொரு சாடி இருந்தது. கூடத்து யன்னலருகே நின்ற வெட்சிச் செடியில், அடியிலைகள் கரும்பச்சையாக இருக்க, தளிர்கள் மட்டும் வெளிறி, அவற்றின் நரம்புகள் பச்சைக் கோடு வரைந்தாற்போலத் தெரிந்தன. இஃது இரும்புக் குறை. 1840களிலே பிரான்சு நாட்டவரான கிரிசு என்பார், இவ்வாறு வெளிறிய செடிகள் இரும்பு உப்பினாற் பச்சை பெறுவதைக் காட்டினார். அப்படியாயின் சாடியில் ஓர் ஆணியைப் புதைத்தாற் போதாதோ என்று கேட்டேன். நண்பர் நகைத்தார். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறைமேல் அமைந்தது. நம் கிணற்றுநீர் வன்னீர். அதனையே நாள்தோறும் வார்க்க, சாடிமண் காரத்தன்மை அடையும். அத்தகைய மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்கு எட்டாது. குறை இரும்பில் இல்லை, அதனைப் பெறும் வழியில் உள்ளது. மழைநீரைச் சேர்த்து வார்க்குமாறும், மக்கிய இலையெருவை மண்ணோடு கலக்குமாறும் சொன்னார்.

வேறு சில குறிகளையும் அவர் வாயிலாக அறிந்தேன். இலைநுனி கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பின், பசளையின் அல்லது நீரின் உப்பு மிகுந்ததென்று கொள்ளலாம். தண்டு நெடிதாகி இலை சிறுத்து வெளிறினால் ஒளி போதாது. ஊசிமுனைப் புள்ளிகள் பரந்திருப்பின் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிற்றுண்ணிகள் நுண்ணிய வலைபின்னி அடிப்புறத்தில் மறைந்திருக்கும். இவையெல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: செழித்த செடியில் எப்போதேனும் அடியிலை ஒன்று மஞ்சளித்து உதிருமாயின் அது நோயன்று, மூப்பு. பழுப்பு என்னும் சொல்லைப் படைத்த நம் முன்னோர் அதனை இலையின் பருவங்களுள் ஒன்றாகவே வைத்தனர்.

நண்பர் விடைபெற்றபின் நெடுநேரம் அச்சாடியின் முன் அமர்ந்திருந்தேன். நினைவிலே வந்தவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன், யாப்பில் வகுப்புக்கே முதல்வனாக நின்றவன், மூன்றாந் தவணையில் வாடத் தொடங்கினான். வினாவினால் விடை வராது. பின்வரிசையில் தலை கவிழ்ந்திருப்பான். சோம்பல் என்று துணிந்து மனப்பாடச் செய்யுள்களை இருமடங்காக்கினேன். மேலும் வாடினான், பலர் முன்னிலையிற் கடிந்துரைத்தேன். அடுத்த ஆண்டு அவன் கலாசாலைக்கு வரவில்லை. தந்தையார் நோயுற்றுக் கிடந்தமையும், விடியுமுன் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டே அவன் வகுப்புக்கு வந்தமையும் எனக்குப் பின்னரே தெரியவந்தன. அவன் தலை கவிழ்ந்ததைக் கண்டேன். எப்போது முதல், எந்தப் பாடவேளையில் என்று நோக்கவில்லை. காலை முதற் பாடத்திலேதான் அவன் உறங்கினான் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று ஒரு சொல் தனியே அழைத்துக் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். நனைந்த மண்ணில் மேலும் நீர் வார்த்தவன் அன்றைக்கும் நானே.

கொடி முற்றும் இறக்கவில்லை. அழுகாத தண்டுகளைக் கணுவோடு வெட்டி நீர்ப்போத்தலில் இட்டோம். மூன்றாம் வாரத்தில் வெள்ளை வேர் விட்டன. இல்லாள் திரும்பிவந்து, "பழைய கொடி எங்கே?" என்று வினாவியபோது நடந்ததை மறையாது கூறினேன். வேரைப் பார்த்துவிட்டுப் புதிய சாடியில் அவளே நட்டாள். தட்டில் நீர் தேங்குகிறதோ என்று இப்போது நாள்தோறும் நான் பார்க்கிறேன்.

இவ்வாண்டு கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று கரும்பலகையில் எழுதிய நாளில் அக்கொடியின் ஒரு கிளையையும் வகுப்புக்குக் கொண்டுசென்றேன். பாடம் முடிந்ததும், முதல் வரிசையிலன்றிப் பின்வரிசையிலிருந்து பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினேன்.