ஊர் நூலகத்தில் இல்லாத நூலை எப்படிப் பெறுவது?

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றிப் பேசும்போது எமது மேடைகளிலும் பேஸ்புக் பதிவுகளிலும் இரண்டு எழுத்துகள் அடிக்கடி வந்து போகின்றன. ஒன்று, சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி எழுதி, 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை. மற்றது, அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட நூல். சோனகர் இனத்தால் தமிழரே என்று முன்னவர் வாதிட்டார். பின்னவர் அதை மறுத்தார். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் கையில் எடுத்து வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

பாடசாலை ஆசிரியர் என்ற வகையில் நான் அடிக்கடி கேட்கும் பதில், "எங்கட நூலகத்தில அது இல்ல சேர்" என்பது. உயர்தர மாணவரும் சொல்கிறார்கள். வெளிவாரிப் பட்டத்துக்கு ஆய்வு எழுதும் சக ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் இல்லை என்பது உண்மைதான். அதற்காக நாட்டிலேயே இல்லை என்று முடிவு செய்யத் தேவையில்லை. அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இங்கு அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதனால் எமது பழைய நூல்கள் பல கொழும்பிலோ பேராதனையிலோ எங்கோ ஓர் அலுமாரியில் இருக்க வாய்ப்புண்டு. அவற்றை எம்மிடம் கொண்டுவரும் வழிதான் நூலகங்களுக்கிடையிலான இரவல்.

இது நடக்கும் முறை எளிது. நீங்கள் அங்கத்தவராக உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நூல் இல்லையென்றால், வாசகர் சேவைப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அந்த நூலகம் உங்கள் சார்பில், நூலை வைத்திருக்கும் இன்னொரு நூலகத்திடம் கேட்கும். கடன் வாங்குவது நூலகம். நீங்கள் அதன் ஊடாக வாசிக்கிறீர்கள். முழு நூல் வேண்டுமானால் இரவல். ஒரு கட்டுரையோ ஓர் அத்தியாயமோ போதுமானால் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பழைய பத்திரிகைகள், அரிய நூல்கள், ஆய்வேடுகள் பெரும்பாலும் வெளியே போகமாட்டா. அவற்றுக்குத் தேவையான பக்கங்களின் பிரதியைக் கேட்பதோ நேரில் போய்ப் பார்ப்பதோதான் வழி. கட்டணமும் காலமும் நூலகத்துக்கு நூலகம் வேறுபடும், விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கைகூடுவது நாம் கொடுக்கும் விபரத்தில் தங்கியிருக்கிறது. "சோனகர் பற்றிய இராமநாதனின் கட்டுரை" என்று மட்டும் எழுதினால் நூலக உத்தியோகத்தர் எங்கே தேடுவார்? சஞ்சிகையின் பெயர், தொகுதி 10, இலக்கம் 36, ஆண்டு 1888 என்று எழுதினால் நேரே எடுத்துவிடலாம். அப்துல் அஸீஸின் நூல் 1957இல் மறுபதிப்பாகவும் வந்தது. எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள்; எதுவானாலும் சரி என்றால் அதையும் எழுதுங்கள், கிடைக்கும் வாய்ப்பு கூடும். சித்திலெப்பை 1882இல் ஆரம்பித்த முஸ்லிம் நேசன் போன்ற பத்திரிகையானால் திகதி அவசியம். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்படுவதால், பட்டியலில் தேடும்போது இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005இலிருந்து மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளம் ஒன்று. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கெட் மற்றது. முதலாவதில் நூலே கிடைக்கலாம். இரண்டாவது, அது எந்த நாட்டில் எந்த நூலகத்தில் உள்ளது என்பதைக் காட்டும்.

ஸ்கேன் எடுப்பது சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படிப்புக்காகவும் தனிப்பட்ட ஆய்வுக்காகவும் ஒரு கட்டுரையின் அல்லது நூலின் சிறு பகுதியின் ஒரு பிரதியை இலாப நோக்கமற்ற நூலகம் எடுத்துக் கொடுக்க இடமளிக்கிறது. அப்படிப் பெற்றதை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது வேறு விடயம். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டால் பதிப்புரிமை முடிந்துவிடும். சித்திலெப்பை 1898இலும் அப்துல் அஸீஸ் 1915இலும் இராமநாதன் 1930இலும் காலமானார்கள். ஆகவே மூவரின் எழுத்துக்கும் அந்தத் தடை இல்லை.

இரவல் நூல் ஓர் அமானிதம். தவணை தவறினாலோ பக்கம் கிழிந்தாலோ கெடுவது எமக்காக உறுதி கொடுத்த நூலகத்தின் பெயர். அடுத்த முறை இன்னொரு மாணவிக்காக அது கேட்கும்போது கதவு மூடப்படலாம்.

பல்கலைக்கழகத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தச் சேவை பொதுவாக அங்கத்தவர்களுக்கே உரியது. என்றாலும் நேரில் உசாத்துணைக்கு அனுமதி கேட்டு நூலகருக்கு எழுதலாம். அதிபரின் அல்லது கலாசாலைப் பீடாதிபதியின் கடிதம் கையில் இருந்தால் பேச்சு இலகுவாகும். எமது பொது நூலகத்தின் நூலகரையே பல்கலைக்கழக நூலகத்துடன் தொடர்புகொள்ளச் சொல்லலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் பேராதனையிலும் கொழும்பிலும் படிக்கும் பிள்ளைகள் இல்லாத முஸ்லிம் ஊர் இன்று அரிது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமது நூலகத்தில் இப்படியொரு சேவை உண்டா என்று விசாரித்திருக்கிறார்கள்?

கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. எந்த நூல் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்பதை நூலகர்கள் கவனிக்கிறார்கள். எதை வாங்குவது, எதை முதலில் மின்வடிவாக்குவது என்று தீர்மானிக்க அது உதவும். யாரும் கேட்காத நூல் அலுமாரியிலேயே செல்லரித்துப் போகும். எமது வரலாற்றை மற்றவர்கள் திரித்து எழுதுகிறார்கள் என்று குறைசொல்லும் நாம், எமது முன்னோர் எழுதிவைத்ததை ஒரு விண்ணப்பப் படிவத்தில் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.