பளபளக்கும் காசெல்லாம் 'புரூஃப்' ஆகுமா?

தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள் ஆம்பூர்க்காரர்கள். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்று வட்டாரத்திலுள்ள எந்தத் தோல் ஷாப்புக்குள் நுழைந்தாலும் இந்த வித்தையைக் காணலாம். தரம் பிரிப்பவர் தோலை மேஜை மேல் விரிக்கிறார். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சற்றே சாய்த்துப் பார்க்கிறார். கட்டை விரலால் ஒரு முறை தடவுகிறார். "இது அசல் மேனி, அது உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் பூசி மறைத்த மேனி" என்று சொல்லிவிடுகிறார். மேல்பூச்சு எவ்வளவு மின்னினாலும் அவரிடம் அது செல்லாது.

அதே மனிதர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கைப்பேசியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழங்காசு விற்கும் இணையச் சந்தையில் ஒரு படம். கண்ணாடி போல் மின்னும் காந்தி பத்து ரூபாய். "வெள்ளி, புரூஃப், மிக அபூர்வம்" என்று கீழே எழுதியிருக்கிறது. சாதாரணக் காசைப் போல் பல மடங்கு விலை. பண்டிகைக்கு வந்த போனஸ் பணம் கையில் இருக்கிறது. பகலெல்லாம் பூச்சுக்கு ஏமாறாதவர், இரவில் ஒரு பூச்சுக்கு அந்தப் பணத்தைப் பறிகொடுக்கலாமா?

கொடுக்க வேண்டியதில்லை. தோலுக்கு அவர் செய்யும் சோதனையைக் காசுக்கும் செய்தால் போதும். அதற்கு முதலில் புரூஃப் என்பது என்ன என்று தெரிய வேண்டும்.

அச்சுக்கூடத்து வார்த்தை

பத்திரிகை அச்சிடுமுன் பிழை திருத்துவதற்காக ஒரு பிரதி எடுப்பார்கள். அதற்குப் 'புரூஃப்' என்று பெயர். நாணயச் சாலையிலும் கதை அதுதான். புதிய அச்சு சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் சில காசுகளை மட்டும் வெகு கவனமாக அடித்துப் பார்த்தார்கள். அவற்றின் அழகில் மயங்கிய பிரமுகர்களும் சேகரிப்பாளர்களும் கேட்கவே, பின்னாளில் அவர்களுக்கென்றே அடிக்கத் தொடங்கினார்கள்.

கடைவீதியில் புழங்கும் காசு இயந்திர வேகத்தில் பிறக்கிறது. ஒரு வில்லை, ஓர் அடி. உடனே மற்றக் காசுகளோடு கலகலவென்று பெட்டிக்குள் விழுகிறது. புரூஃப் காசுக்கு நடக்கும் உபசாரமே வேறு. வில்லையை முன்கூட்டியே மெருகிடுகிறார்கள். அச்சின் சமதளத்தையும் கண்ணாடியாக மெருகேற்றுகிறார்கள். உருவமும் எழுத்தும் வரும் பள்ளங்களை மட்டும் பனி படர்ந்தாற்போல் மங்கலாக்குகிறார்கள். பிறகு நிதானமாக, மிகுந்த அழுத்தத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கிறார்கள். அடித்த காசை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் வைக்கிறார்கள்.

ஆகவே புரூஃப் என்பது காசின் நிலைமையைக் குறிக்கும் சொல் அன்று. அது பிறந்த விதத்தைக் குறிக்கும் சொல். பை கலையாத புத்தம் புதிய காசும் புரூஃப் ஆகிவிடாது. கையில் பட்டுக் கீறல் விழுந்த புரூஃப் காசு, அழகு கெட்ட புரூஃபாகவே இருக்கும், சாதாரணக் காசாகிவிடாது.

மின்னாத புரூஃப்

மின்னுவதெல்லாம் புரூஃப் அல்ல என்பது பாதி உண்மை. மின்னாத புரூஃபும் உண்டு என்பது மறு பாதி. சென்னை மாகாணத்தின் காசுகளே இதற்குச் சாட்சி.

கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணத்தில் புழங்கச் செப்புக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச் சாலையில் அடிக்கச் செய்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்து. 1808 என்று ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். குவியலின் நடுவே இறுகிக் கிடந்தவற்றில் சில, நேற்று அடித்தவை போல் இருந்தன. இன்று அவை இணையச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. எத்தனை புதுமையாக இருந்தாலும் அவை புழக்கத்துக்காக அடித்த சாதாரணக் காசுகளே.

அதே சோஹோ சாலை, சென்னைக் காசுகளில் புரூஃபும் அடித்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு வெண்கலப் பழுப்பு நிறம் ஏற்றினார்கள். சிலவற்றுக்குப் பொன் முலாம் பூசினார்கள். அப்படியானால், பழுப்பாக அடங்கிக் கிடப்பது புரூஃபாகவும், பளிச்சென்று இருப்பது சாதாரணக் காசாகவும் இருக்கலாம் அல்லவா? நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் நம்புகிறவர் இங்கே தலைகீழாக ஏமாறுவார். எழுத்தின் கூர்மையைப் பார்க்கிறவர் ஏமாறமாட்டார்.

காசில் உள்ள பெயரையும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்கு இந்த வட்டாரமே பெயர் பெற்றது. 'ஆற்காடு' என்று பொறித்த ரூபாய்களை ஆங்கிலேயர் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அடித்தார்கள். முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் இறந்த பிறகும், பல ஆண்டுகள் அவர் பெயரிலேயே ஆங்கிலேயர் ஆற்காட்டு ரூபாய் அடித்துவந்தார்கள். பழங்காசு உலகில் எழுத்து ஒன்று சொல்லும். உண்மை வேறொன்றாக இருக்கும்.

காந்தியும் 'பி' எழுத்தும்

நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் காசுக்கு வருவோம். காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டுக்காக 1969-ல் பத்து ரூபாய், ஒரு ரூபாய், 50 காசு, 20 காசு நாணயங்கள் வெளிவந்தன. பத்து ரூபாய்க் காசு 15 கிராம் எடை. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. இவற்றைப் பொதுமக்களுக்கென்று ஏராளமாக அடித்ததோடு, சேகரிப்பாளர்களுக்காகப் பம்பாய் நாணயச் சாலை புரூஃப் தொகுதியும் வெளியிட்டது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு அடையாளம் உண்டு. பம்பாயில் அடித்த சாதாரணக் காசில் ஆண்டின் அடியில் வைர வடிவக் குறி இருக்கும். கல்கத்தாக் காசில் குறியே இராது. பம்பாயின் புரூஃப் காசில் ஆங்கில 'பி' எழுத்து இருக்கும். ஊர் மும்பையான பிறகு வந்த புரூஃப் காசுகளில் அது 'எம்' என்று மாறியது. ஹைதராபாத் காசுக்கு நட்சத்திரமும், 1988-ல் தொடங்கிய நொய்டா சாலைக்குப் புள்ளியும் குறிகள்.

படத்தில் 'பி' தெரியாத பம்பாய்க் காந்தி காசை ஒருவர் புரூஃப் என்று விற்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குறி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. ஆங்கிலேய ஆட்சிக் காலத்து ரூபாயில் 'பி' இருந்தால், அது பம்பாயில் அடித்தது என்று மட்டுமே பொருள். அக்காலத்து அச்சுகளைக் கொண்டு கல்கத்தா, பம்பாய் சாலைகள் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் அடித்துக் கொடுத்த மறுபதிப்புகளும் சந்தையில் இருக்கின்றன. அவையும் சாலையில் அடித்த அசல்தான்; ஆனால் முதற்பதிப்பின் விலை அவற்றுக்குக் கிடையாது.

நான்கு சோதனைகள்

குறி ஒரு சாட்சி. மற்றச் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, கண்ணாடிச் சோதனை. கையிலுள்ள ஞாயிறு மலரையே காசுக்கு எதிரே நிமிர்த்திப் பிடியுங்கள். நல்ல புரூஃபின் சமதளத்தில் எழுத்துக்கள் தலைகீழாகத் தெளிந்து தெரியும். தாளைச் சற்று விலக்கினாலும் தெளிவு குறையாது. சாதாரணப் புதுக் காசில் வெளிச்சம் தெரியும், எழுத்துத் தெரியாது.

இரண்டாவது, சக்கரச் சோதனை. விளக்கின் கீழே காசை மெள்ளச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத சாதாரணக் காசில், வண்டிச் சக்கரத்து ஆரைக்கால்கள் சுழல்வது போல் ஒளி சுற்றிவரும். புரூஃபில் அப்படிச் சுற்றாது. ஒரு சாய்வில் தளம் முழுதும் கறுத்து, மறு சாய்வில் முழுதும் வெளுக்கும். இரண்டுமின்றி எங்கும் ஒரே மாதிரி மினுமினுத்தால், பின்னால் யாரோ தேய்த்த காசு என்று சந்தேகியுங்கள்.

மூன்றாவது, கூர்மைச் சோதனை. எழுத்து சமதளத்தைத் தொடும் இடத்தையும் காசின் விளிம்பையும் பாருங்கள். அழுத்தி அடித்த புரூஃபில் அவை கத்தியால் செதுக்கியது போல் நிற்கும். தேய்த்த காசில் மழுங்கி உருண்டிருக்கும்.

நான்காவது, கோட்டுச் சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். அச்சை மெருகேற்றியபோது அதில் விழுந்த கீறல், காசில் மேடான கோடாக வரும். எழுத்தின் ஓரத்தோடு நின்றுவிடும். காசையே தேய்த்ததால் விழுந்த கோடோ பள்ளமாக இருக்கும். எழுத்தின் மேலும் ஏறி ஓடும். தோலில் உப்புத்தாள் ஓடிய தடத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது பெரிய காரியமா?

ஓர் எச்சரிக்கை. புது அச்சில் முதன்முதலாக அடித்த சாதாரணக் காசுகளுக்கும் சில சமயம் கண்ணாடித் தளம் அமைந்துவிடும். பழைய புரூஃப் காசுகள் பலவற்றில் உருவத்தின் மீது பனி மங்கல் இராது. ஆகவே ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது.

விபூதி செய்யும் வேலை

வெள்ளி மங்கினால் விபூதி போட்டுத் தேய்ப்பதும், பித்தளைக்குப் புளி போடுவதும் நம் வீட்டு வழக்கம். தோல் பதனிடும் ஊர்களில் இந்தத் தொல்லை சற்று அதிகம். தோலிலிருந்து மயிர் நீக்கப் பயன்படும் சரக்கில் கந்தகம் உண்டு. கந்தகம் கலந்த காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்த காசை நல்ல எண்ணத்தோடுதான் தேய்க்கிறார்கள். ஆனால் குத்துவிளக்குக்கு அழகு தரும் அந்தத் தேய்ப்பு, காசின் மேனியைச் சீவிவிடுகிறது. அதன் பிறகு அசல் புரூஃபாக இருந்தாலும் சேகரிப்பாளர் பழைய மதிப்புத் தரமாட்டார். தேய்த்த சாதாரணக் காசோ, விவரம் அறியாத கண்ணுக்குப் புரூஃப் போல் தோன்றுகிறது. விற்பவர் எல்லோரும் மோசக்காரர் அல்லர்; சிலர் தாமே ஏமாந்தவர்கள்.

படத்தை நம்பலாமா?

கைக்கு வராத காசுக்கு இந்தச் சோதனைகளை எப்படிச் செய்வது? விற்பவரைச் செய்யச் சொல்ல வேண்டியதுதான். ஒரே ஒரு படம் போதாது. நேர் வெளிச்சத்தில் கண்ணாடித் தளம் வெறும் கறுப்பாகத் தெரியும். படத்தைச் சற்றுத் திருத்தினால் சாதாரணக் காசும் ஜொலிக்கும். ஆகவே இரு பக்கமும், விளிம்பும், ஆண்டின் அடியிலுள்ள குறியும் கிட்டத்தில் தெரியும் படங்களைக் கேளுங்கள். விளக்கின் கீழ் காசைச் சாய்த்துக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். அதே காசின் படம்தானா, வேறெங்கோ எடுத்த படமா என்று கேளுங்கள். எடையைக் கேளுங்கள். புரூஃப் இல்லை என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பெட்டியும் சான்றிதழும் இருப்பதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அசல் பெட்டியில் வேறு காசை வைப்பது கடினமான வேலையன்று.

விலை பெரிதானால், தரம் குறித்து முத்திரையிட்ட காசையே வாங்குவது உத்தமம். 1986-ல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-ல் தொடங்கிய என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. 'எம்எஸ்' என்றால் சாதாரண அடிப்பு. 'பிஎஃப்' அல்லது 'பிஆர்' என்றால் புரூஃப். உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். புதிய புரூஃப் வேண்டுமென்றால் சந்தைக்கே போக வேண்டாம். நாணயச் சாலைகளை நடத்தும் மத்திய அரசுக் கழகமே இணையத்தில் முன்பதிவு செய்து விற்கிறது. அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் கண்ணுக்கு அது உரைகல்லாகவும் உதவும்.

இன்னொரு வலையும் உண்டு. "உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் கிளம்பினார்கள். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இத்தகைய கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. கேட்ட படத்தை அனுப்பத் தயங்குகிறவர், "இன்றைக்கே பணம் போடுங்கள், நாளைக்குக் கிடைக்காது" என்று அவசரப்படுத்துகிறவர், திருப்பி எடுக்க மறுக்கிறவர், இவர்களிடமிருந்து ஆம்பூர் மண்டியில் யாராவது ஒரு கட்டுத் தோல் வாங்குவார்களா? காசின் நாணயத்தை லென்ஸ் சொல்லும். விற்பவரின் நாணயத்தை அவர் சொல்லும் பதிலே சொல்லிவிடும். இரண்டும் தேறிய பிறகு போனஸ் பணத்தை எடுத்தால் போதும்.