முதற்பாலின் காவல்

மகப்பேற்றின் பின் முதல் இரண்டு மூன்று நாட்களிற் சுரக்கும் பால் மஞ்சள் நிறமானது, தடிப்பானது, அளவிலோ மிகச் சிறிது. சீம்பால் என்றும் கடும்புப்பால் என்றும் வழங்கும் இதனைப் பழுதடைந்த பாலெனக் கருதிப் பீச்சி நிலத்தில் ஊற்றிவிட்டு, குழந்தையின் நாவிற் சீனித்தண்ணீரோ தேனோ தடவும் வழக்கம் பல நாடுகளில் இருந்துவந்தது. அன்பினாற் செய்யும் பிழைதான். ஆயினும் நிலத்திற் சிந்துவது குழந்தையின் முதற் கவசமாகும்.

பால் உணவு மட்டுமன்று, காவலுமாகும் என்பதை 1892ஆம் ஆண்டிற் சோதனையாற் காட்டியவர் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக். அவர் கையாண்ட நஞ்சுகளுள் ஒன்று ஆமணக்கு வித்திலுள்ளது. மற்றொன்று நம் வேலிகளிற் படரும் குன்றிமணியினுடையது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பெண் சுண்டெலிகளை அதனைத் தாங்க வல்லனவாக்கினார். பின்னர்க் குட்டிகளைத் தாய் மாற்றிப் பால் குடிக்க விட்டார். வலிமை பெற்ற எலியிடம் பால் குடித்த வேற்றுக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின.

எலியில் நிகழ்வது மனிதரில் அவ்வாறே நிகழ்வதில்லை. எலிக்குட்டியின் குடல் பாலிலுள்ள பிறபொருளெதிரிகளை உறிஞ்சி இரத்தத்திற் சேர்க்கும். மனிதக் குழந்தையோ இரத்தத்துக்கு வேண்டியவற்றைக் கருப்பையில் இருக்கும்போதே சூல்வித்தகத்தின் வழியாகப் பெற்றுவிடும். அதற்குப் பாலின் காவல் பெரும்பாலும் குடலிலேயே தங்குகின்றது. காவல் வேண்டிய இடமும் அதுவே.

அக்காவலிற் தலையாயது ‘இம்யூனோகுளோபுலின் ஏ’ என்னும் புரதம். முதிர்ந்த பாலில் இது லீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம். சீம்பாலில் அதனிலும் பல மடங்கு. இப்புரதத்தோடு இணைந்துள்ள ஒரு துண்டு, சமிபாட்டு நொதியங்கள் அதனை எளிதிற் சிதைக்காதவாறு காக்கின்றது. ஆகவே அது குடலின் உட்சுவரை அடைந்து, கிருமிகள் அங்கே ஒட்டாதபடி அவற்றைப் பற்றிக்கொள்கின்றது. போர் புரிவதன்று அதன் தொழில். வாயிலை மறித்து நிற்பதே. அதனால் மென்மையான குடலில் அழற்சி உண்டாவதில்லை.

இதனினும் வியப்பானது அது உருவாகும் முறை. தாயின் குடல் ஒரு கிருமியைச் சந்தித்ததும், அதனை அறிந்த உயிரணுக்கள் சில இரத்தத்தின் வழியே மார்பகத்தை அடைந்து, அக்கிருமிக்குரிய பிறபொருளெதிரியை அங்கே ஆக்குகின்றன. தாயை அணுகும் கிருமிகளே அவ்வீட்டுக் குழந்தையையும் அணுகுவன. அந்த வீட்டுக்கென்றே ஆக்கப்பட்ட இக்காவலை எந்தப் பால்மாத் தகரத்திலும் அடைக்க இயலாது.

துணைக்காவலர் இருவர் உளர். கிருமிகளுக்கு வேண்டிய இரும்பைக் கவர்ந்துகொள்வது லக்ரோபெரின். பற்றீரியாக்களின் சுவரை அறுப்பது லைசோசைம். 1922இல் அலெக்சாந்தர் பிளெமிங் அறிவித்த பொருள் இது. தாய்ப்பாலில் நிறைந்துள்ள லைசோசைம் பசுப்பாலில் மிக மிகக் குறைவு.

குறைமாதக் குழந்தைக்கு இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகிவிடும். குடற்றிசு அழற்சியுற்று இறந்துபோகும் கொடிய நோயொன்று அத்தகைய குழந்தைகளைத் தாக்குவதுண்டு. 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, தாய்ப்பால் மட்டும் பெற்றோரைவிடப் புட்டிப்பால் மட்டும் பெற்றோரிடம் அந்நோய் ஆறு முதற் பத்து மடங்கு மிகுந்திருந்தது.

பிறந்து ஒரு மணி நேரத்துள் பாலூட்டத் தொடங்குக என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உறிஞ்சும் வலிமையற்ற குழந்தைக்கு, தூய கையினாற் பீச்சிய சீம்பாலைத் தாதியின் உதவியோடு கரண்டியால் ஊட்டலாம். அதனைக் காய்ச்சுதல் கூடாது. கொதித்த பாலில் இக்காவற் புரதங்கள் கெட்டுவிடும்.