ஒரு நெகட்டிவ், பல வானங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்றொரு சிற்றூர். அதன் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே நிலவு எழும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்தார். அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து, பின்வந்த ஆண்டுகளில் அவர் 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டிருப்பார் என்கிறார்கள். 1940-களில் போட்ட ஒன்றையும் 1970-களில் போட்ட ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே படம்தானா என்று சந்தேகம் வந்துவிடும். முந்தையதில் வானம் சாம்பல் நிறம். மெல்லிய மேகங்கள் உச்சி வரை படர்ந்திருக்கும். பிந்தையதில் மலைக்கு மேலே ஒரு மேகப் பட்டை மட்டும்தான். மற்றபடி வானம் முழுக்கக் கருமை, நடுவில் நிலவு.

இயற்கைக் காட்சியைப் படமெடுப்பது என்றால் நல்ல இடம், நல்ல வெளிச்சம், ஒரு கிளிக், அதோடு வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஃபிலிம் காலத்தில் அது பாதி வேலைகூட இல்லை. நெகட்டிவ் என்பது, எடுத்தவரே முழுசாகப் பார்த்து முடிக்காத பொருள். வருஷங்கள் கழித்து அவரோ வேறொருவரோ அதை மறுபடி வெளிச்சத்தில் பிடிக்கும்போதுதான் உள்ளே இருந்த பலதும் கண்ணில் படுகிறது. அதனால் அதை அழிக்கும் உரிமை எடுத்தவருக்குக்கூட முழுசாகக் கிடையாது என்பது என் கட்சி.

ஹெர்னாண்டஸ் படத்தின் கதையைப் பாருங்கள். சாமா பள்ளத்தாக்கில் சுற்றியும் அன்றைக்கு உருப்படியாக எதுவும் சிக்காமல், ஆடம்ஸ் சாண்டா ஃபேக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும். சாலையோரம் இந்தக் காட்சி தென்பட்டதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசரமாக ஸ்டாண்டில் ஏற்றினார். வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் தேடினால் அகப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் சூரியன் மறையப்போகிறது. கல்லறைச் சிலுவைகளின் மேல் மட்டும் கடைசி வெயில். நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, லென்ஸ் துளையை எஃப்/32-ல் வைத்து ஒரு நொடி ஒளி கொடுத்தார். எதற்கும் இன்னொன்று எடுத்து வைப்போம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

கிடைத்த ஒரே நெகட்டிவும் லேசில் பிரிண்டுக்கு வசப்படுகிற ரகம் இல்லை. தரைப்பகுதி மிக மெலிந்து விழுந்திருந்தது. ஏழு வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, 1948-ல் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் இன்டென்சிஃபையர் என்ற ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியைக் கூட்டினார். கொஞ்சம் பிசகியிருந்தால் படமே போயிருக்கும்.

பிரிண்ட் போடும் வேலையையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். என்லார்ஜர் என்ற உருப்பெருக்கும் கருவியின் வெளிச்சம் நெகட்டிவ் வழியாகத் தாளில் விழுகிறது. கருமை குறைய வேண்டிய இடத்தில் சிறு அட்டையைக் குறுக்கே காட்டி ஒளியைத் தடுக்க வேண்டும், அது டாட்ஜிங். பிறகு மலையையும் ஊரையும் அட்டையால் மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும், அது பர்னிங். அட்டை ஒரே இடத்தில் நின்றால் கோடு விழுந்துவிடும் என்பதால் கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பிரிண்டைப் போல மறு பிரிண்ட் அமையாததற்கு அந்த அசைவும் ஒரு காரணம். போட்டோஷாப்பில் இன்றைக்கும் இதே பெயர்களில் இரண்டு கருவிகள் இருக்கின்றன.

ஆடம்ஸ் இளமையில் பியானோ கலைஞராகத் தயாரானவர். நெகட்டிவை இசைக்குறிப்பு என்றும் பிரிண்டைக் கச்சேரி என்றும் சொல்வது அவர் வழக்கம். வயது ஏற ஏற அவர் கச்சேரியில் கருமை கூடிக்கொண்டே போனது. என் மனசு பழைய பிரிண்டுகள் பக்கம்தான் சாய்கிறது. அவற்றில் அந்திப்பொழுது இன்னும் மிச்சமிருக்கிறது. மேகங்களால்தான் வானத்துக்கு ஆழமே வருகிறது. பிந்தையவற்றின் கம்பீரத்தை மறுக்கவில்லை.

அந்த நெகட்டிவ் எடுத்த தேதி ஆடம்ஸுக்கே தெரியாது. ஒரு இடத்தில் 1940, இன்னொரு இடத்தில் 1944 என்று மாற்றி மாற்றிக் குறித்திருக்கிறார். 1980-ல் டேவிட் எல்மோர் என்ற வானியல்காரர் படத்திலுள்ள நிலவின் நிலையை வைத்துக் கணித்து, 1941 அக்டோபர் 31, மாலை 4.03 என்றார். ஆடம்ஸும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் 1991-ல் டெனிஸ் டி சிக்கோ என்பவர் கணக்கைத் திரும்பப் போட்டார். கேமரா நின்ற இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துக் கணித்தபோது வந்த விடை: நவம்பர் 1, மாலை 4.49. அதற்குள் ஆடம்ஸ் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. எடுத்தவர் மறந்த நாளை ஃபிலிமில் இருந்த நிலவு வைத்திருந்தது.

கிரீன்லாந்தில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 1932, 33-ல் நுட் ராஸ்முசெனின் ஏழாவது தூலே ஆய்வுப் பயணத்தின்போது, வரைபடம் போடுவதற்காகத் தென்கிழக்குக் கரையை விமானத்திலிருந்து படமெடுத்தார்கள். வேலை முடிந்ததும் அந்தப் படங்கள் டென்மார்க்கில் ஒரு காப்பகத்தில் முடங்கின. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அவற்றை வெளியே எடுத்து, 132 பனியாறுகளை இன்றைய படங்களோடு ஒப்பிட்டு 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலத்தில் முடியும் பனியாறுகளில் பல 2000-களைவிட 1930-களில் வேகமாகப் பின்வாங்கியிருந்தன. கடலில் முடிபவையோ 2000-களில்தான் அதிக வேகம் காட்டின. எடுத்தவர்கள் யாரும் பருவநிலை மாற்றத்தை ஆராய்வதற்காக எடுக்கவில்லை. படத்தில் பனியாறு இருந்தது, அவ்வளவுதான்.

இதனால்தான் ஆடம்ஸின் வேறொரு காரியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1944-ல் லோன் பைன் ஊரிலிருந்து சியரா நெவாடா மலையின் குளிர்கால விடியலை எடுத்தார். முன்னாலிருக்கும் இருண்ட குன்றில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் வெள்ளைக் கற்களால் ஊர்ப் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பெரிதாகப் பதித்திருந்தார்கள். அழகைக் கெடுக்கிறது என்று ஆடம்ஸ் அதை முடிந்தவரை நீக்கினார். பிரிண்டில் நீக்கியிருந்தால் எனக்கு வழக்கில்லை. அது அவருடைய கச்சேரி. அவரோ நெகட்டிவிலேயே கை வைத்துவிட்டார். படத்தின் அழகு கூடியது உண்மை. ஆனால் அந்தக் குன்றின் வரலாற்றில் ஒரு வரி போய்விட்டது.

இத்தனைக்கும் இழப்பின் வலி தெரிந்தவர் அவர். 1937-ல் யோசெமிட்டியில் அவருடைய இருட்டறை தீப்பிடித்து ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் போயின. விருந்தாளியாக வந்திருந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் மிஞ்சியதை மீட்க உதவினார். அந்த எட்வர்டின் மகன் பிரெட் வெஸ்டனும் பெரிய படக்காரர். பார்க்கின்சன் நோயால் தகப்பனாரால் இருட்டறையில் வேலை செய்ய முடியாமல் போனபோது, 1950-களில் நூற்றுக்கணக்கான நெகட்டிவ்களை அவர் மேற்பார்வையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். அதே பிரெட், 1991-ல் தன் 80-வது பிறந்த நாளன்று தன்னுடைய நெகட்டிவ்களைத் தீயிலிட்டார். வேறு யாரும் தன் படத்தைப் பிரிண்ட் போடக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்தப் பிடிவாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. இருந்தாலும் நெஞ்சு கேட்கவில்லை. ஆடம்ஸ் நேர்மாறு. தன் நெகட்டிவ்களை அரிசோனா பல்கலைக்கழகத்தின் காப்பகத்துக்குக் கொடுத்து, வருங்கால மாணவர்கள் அவற்றைப் புதிதாகப் படித்துப் பார்க்கட்டும் என்றார். யோசெமிட்டி படங்கள் சிலவற்றை அவருடைய பழைய உதவியாளர் ஆலன் ராஸ் அசல் நெகட்டிவிலிருந்தே பிரிண்ட் போட்டு வந்திருக்கிறார்.

நம் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் ஸ்டூடியோ கவருக்குள் கிடக்கும் நெகட்டிவ்களுக்கும் இது பொருந்தும். கொடைக்கானல் போனபோது அப்பா எடுத்த படத்தில் நாம் தேடுவது அம்மாவின் முகத்தை. பின்னால் நிற்கும் சோலைக்காட்டை நாளைக்கு வேறொருவர் தேடலாம். அசிட்டேட் ஃபிலிமுக்கு வெக்கையும் ஈரமும் எமன். கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்து ஃபிலிமையும் அரிக்கும் என்பதால் உடனே தனியே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். கலர் நெகட்டிவ் இருட்டில் வைத்தாலும் சாயம் வெளிறும். அதற்கு அடுத்த முறை. நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை கொஞ்சம் காத்திருக்கும். பிளாஸ்டிக் கவரை விட்டுத் தாள் உறைக்கு மாற்றி, ஊரும் வருஷமும் தெரிந்தால் பென்சிலால் உறைமேல் எழுதி வையுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றைய ஸ்கேனரின் கண்ணுக்குத் தப்பியது அதில் இன்னும் இருக்கும்.