வன்தட்டுக்கு வரம்பு கட்டுவோம்

பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலை விண்ணப்பங்களுக்காகவும் இன்று பல கிராமத்து வீடுகளுக்குக் கணனி வந்து சேர்ந்துவிட்டது. முழுக் கணனியையும் புதிதாக வாங்க வசதியில்லாதோர் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, விபரம் தெரிந்த பிள்ளைகளின் உதவியோடு வீட்டிலேயே பொருத்திக் கொள்கின்றனர். இவ்வாறு பொருத்தும்போது பலர் அவசரத்தில் கவனியாது விடும் வேலை ஒன்றுண்டு. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து போமற் செய்வதே அவ்வேலை.

இதிற் கவனம் ஏன் தேவை? காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பெறுபேறுகள் ஆகியவற்றின் பிரதிகளைப் பல குடும்பங்கள் இப்போது கணனியிலும் வைத்திருக்கின்றன. இடம்பெயர்வில் கடதாசிகள் தொலைந்த பின்னர் ஒவ்வொரு பணிமனையாக ஏறியிறங்கிய அலைச்சலை நாம் அறிவோம். அதே ஆவணங்கள் கணனிக்குள் இருந்தும் ஒரு நிமிடத்தில் அழிந்துபோகக் கூடும். அதைத் தவிர்க்கும் வழியும் எம் கையிலேயே உண்டு.

வன்தட்டு என்னும் காணி

கணனியில் நாம் சேமிக்கும் யாவும் தங்கியிருக்கும் இடம் வன்தட்டு ஆகும். 1983 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.ரி. கணனியின் வன்தட்டு 10 மெகாபைற் கொள்ளளவே கொண்டது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் சில படங்களே அதை நிரப்பிவிடும். இப்போது 500 கிகாபைற், 1 ரெறாபைற் வன்தட்டுக்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையும் உண்டு. அது வேகமானது, இங்கு கூறுவன பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

500 கிகாபைற் என்று எழுதிய வன்தட்டைப் பொருத்தினால் கணனி 465 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் 1000, 1000 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்; விண்டோஸ் 1024, 1024 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறது. ஒரே வயலை ஏக்கரில் அளந்தால் ஓர் எண்ணும் ஹெக்டேரில் அளந்தால் வேறோர் எண்ணும் வருவது போன்றதே இது.

பிரித்தலும் போமற் செய்தலும்

புதிய வன்தட்டு வெறுங்காணி போன்றது. அதில் உடனே எதையும் விதைக்க முடியாது. முதலில் எல்லை போட்டு வரம்பு கட்ட வேண்டும். இதுவே பகுதிகளாகப் பிரித்தல். ஒரே பகுதியாக விடுவதானாலும் அதற்கும் எல்லை குறிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது போமற் செய்தல். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடாப்பைத் திறந்து, எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிவைக்க ஒழுங்கு செய்வதே இதன் கருத்து. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குத் தோம்பு எழுதினார்கள் அல்லவா? அதைப்போன்ற ஒரு தோம்பு ஒவ்வொரு பகுதிக்கும் எழுதப்படுகிறது.

எல்லைகளைக் குறித்து வைக்கும் முறைகள் இரண்டு. பழைய முறை எம்.பி.ஆர். எனப்படும். இதில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் அமைக்க முடியாது. ஏறத்தாழ 2 ரெறாபைற்றுக்கு மேற்பட்ட வன்தட்டை முழுமையாகப் பயன்படுத்தவும் முடியாது. புதிய முறை ஜீ.பி.ரி. ஆகும். இது எல்லைக் குறிப்பின் ஒரு பிரதியை வன்தட்டின் தொடக்கத்திலும் இன்னொன்றை இறுதியிலும் வைத்திருப்பதால் பாதுகாப்புக் கூடியது. விண்டோஸ் 11 ஐ நிறுவுவோருக்கு ஜீ.பி.ரி. முறையே ஏற்றது.

தோம்பு எழுதும் முறைகளும் பலவாகும். விண்டோஸ் நிறுவும் வன்தட்டுக்கு என்.ரி.எப்.எஸ். முறையும், லினக்ஸ் நிறுவுவோருக்கு எக்ஸ்ற்-4 முறையும் பொருத்தமானவை. எப்.ஏ.ரி.-32 என்னும் பழைய முறையில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை வைக்க முடியாது. பல கணனிகளில் மாறிமாறிப் பாவிக்கும் பென்றைவுக்கு எக்ஸ்-பற் முறை உகந்தது.

எத்தனை பகுதிகள் வேண்டும்?

வீட்டுப் பாவனைக்கு இரண்டு போதும். ஒன்று விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் உரியது. இது 'சி' எனப்படும். மற்றது குடும்பத்தின் ஆவணங்களுக்கும் படங்களுக்கும் உரியது. இது பெரும்பாலும் 'டி' என்று வரும். 500 கிகாபைற் வன்தட்டில் 'சி' க்கு 150 ஒதுக்கினால், மற்றதற்கு ஏறத்தாழ 315 எஞ்சும். விண்டோஸ் 11 க்கு 64 கிகாபைற்றாவது வேண்டும் என்பது விதி. ஆனால் காலப்போக்கில் அது பெருகும் ஆகையால் முதலிலேயே தாராளமாக இடம் விடுவது நல்லது.

இரண்டாகப் பிரிப்பதன் பயன் பின்னர்தான் தெரியவரும். வைரஸ் தாக்கியோ வேறு காரணத்தாலோ விண்டோஸ் பழுதடைந்தால், திருத்துபவர் 'சி' யை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம். 'டி' யில் உள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. ஒரே பகுதியாக வைத்திருப்பவரின் ஆவணங்கள் அந்த வேளையில் விண்டோஸுடன் சேர்ந்தே அழிந்துபோகலாம்.

செய்முறை

1. மின்சாரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே வன்தட்டின் கேபிள்களைப் பொருத்துங்கள். பழைய ஆவணங்கள் உள்ள வேறு வன்தட்டோ பென்றைவோ இருந்தால் கழற்றி வையுங்கள். தவறான தட்டை அழிக்கும் ஆபத்து இதனால் நீங்கும்.

2. பழைய வன்தட்டை வாங்கியிருந்தால் அதன் ஓசையைக் கவனியுங்கள். டிக், டிக் என்று விடாமல் ஒலித்தால் அதை நம்பி எதையும் வைக்க வேண்டாம்.

3. நிறுவும் பென்றைவிலிருந்து கணனியைத் தொடக்குங்கள். சிறிது நேரத்தில் வன்தட்டைக் காட்டும் பக்கம் வரும். புதிய தட்டாயின், பகிரப்படாத வெற்றிடம் என்று ஒரே வரியில் தெரியும்.

4. புதிய பகுதி அமைக்கும் கட்டளையைக் கொடுங்கள். அளவை மெகாபைற்றில் கேட்கும். 150 கிகாபைற் வேண்டுமாயின் 150 ஐ 1024 ஆற் பெருக்கி 153600 என்று எழுத வேண்டும். விண்டோஸ் தன் தேவைக்காகச் சில சிறிய பகுதிகளையும் தானே அமைத்துக் கொள்ளும். அவற்றை அழிக்க வேண்டாம். அழித்தால் கணனி தொடங்காமற் போகலாம்.

5. எஞ்சிய வெற்றிடத்தில் இரண்டாவது பகுதியை அமைத்து, இரண்டையும் போமற் செய்யுங்கள். பின்பு முதலாவது பெரிய பகுதியைத் தெரிவுசெய்து விண்டோஸை நிறுவுங்கள்.

6. நிறுவி முடிந்ததும் இரண்டாவது பகுதிக்கு 'ஆவணங்கள்' என்று பெயரிடுங்கள். பின்னொரு நாள் திருத்த வருபவர் அதை அடையாளங்காண இது உதவும்.

7. 'டி' ஐ அமைத்தால் மாத்திரம் போதாது. நாம் சேமிக்கும் கோப்புக்கள் வழக்கமாக 'சி' யிலுள்ள டொக்கியுமென்ற்ஸ் கோப்புறைக்கோ, திரை முகப்புக்கோதான் போகும். ஆகவே அக்கோப்புறையின் இருப்பிடத்தை 'டி' க்கு மாற்றிவிடுங்கள். பலர் இதைச் செய்யாததாலேயே, பகுதி இரண்டிருந்தும் ஆவணங்களை இழக்கின்றனர்.

போமற் நடக்கும்போது மின்சாரம் நின்றால் அவ்வேலையை மீண்டும் தொடங்க வேண்டிவரும். யூ.பீ.எஸ். இல்லாத வீடுகளில் மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துச் செய்வது நன்று.

பழைய கணனிகள் பல விண்டோஸ் 11 ஐ ஏற்கமாட்டா. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அத்தகைய கணனிகளுக்கு லினக்ஸ் மின்ற், உபுந்து போன்றவற்றை இலவசமாக நிறுவலாம். அவற்றிலும் ஆவணங்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்க முடியும்.

விரைவு போமற், முழு போமற்

விரைவு போமற் செய்யும்போது பழைய தோம்பு நீக்கப்பட்டு வெறுந்தோம்பு வைக்கப்படுகிறது. காணியும் பயிரும் அப்படியே கிடக்கும். எது எங்கே என்ற பதிவுதான் இல்லாமற் போகும். எனவே தவறுதலாக ஒரு பகுதியை விரைவு போமற் செய்துவிட்டால், அதன்பின் அதில் எதையும் எழுதாமல் உடனே கணனியை நிறுத்தி, மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். சுழலும் வன்தட்டாயின் மீட்க வாய்ப்புண்டு. எஸ்.எஸ்.டி. ஆயின் அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

முழு போமற் செய்தால் விண்டோஸ் பகுதி முழுவதிலும் பூச்சியங்களை எழுதிவிடும். பழுதான இடங்களையும் கண்டு குறித்துக்கொள்ளும். இதற்குச் சில மணி நேரம் செல்லலாம். வாங்கிய பழைய வன்தட்டைச் சோதிக்க இது உதவும். பழைய கணனியை விற்கும் முன்னரோ பிறருக்குக் கொடுக்கும் முன்னரோ இதைச் செய்வது அவசியம். விரைவு போமற் மட்டும் செய்து கொடுத்தால், உங்கள் அடையாள அட்டையின் படமும் வங்கிக் கணக்கு விபரமும் அந்நியர் கைக்குப் போகலாம்.

வரம்பு வெள்ளத்தைத் தடுக்காது

இரு பகுதிகளும் ஒரே வன்தட்டில்தான் இருக்கின்றன. தட்டே பழுதடைந்தால், மின்னல் தாக்கினால், வெள்ளம் புகுந்தால், கணனி களவுபோனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். எனவே மூன்று பிரதிகள் வைத்திருங்கள். ஒன்று கணனியின் 'டி' பகுதியிலும், மற்றொன்று பென்றைவிலோ வெளி வன்தட்டிலும், மூன்றாவது வேறூரில் வாழும் நம்பிக்கையான உறவினரிடமும் இருக்கட்டும். அவசரத்தில் வெளிக்கிட நேர்ந்தால் கணனியைத் தூக்க முடியாது. பென்றைவைச் சட்டைப் பையில் வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பிரதிகளைத் திறந்து பார்த்து, வாசிக்க முடிகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

கணனியிலுள்ள பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் பதிவு விபரம் ஆகியவை அதில் தெளிவாக இருந்தால், மூலப்பிரதி தொலைந்தாலும் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதியைத் தேடிப் பெறுவது எளிதாகும். ஆகவே உறுதியின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்க முத்திரைகளையும் விடாமல், ஸ்கான் செய்து வையுங்கள். மூல உறுதியையும் நனையாத உறையில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

வன்தட்டைப் பிரிக்கும் வேலைக்கு ஒரு பிற்பகல் போதும். வீட்டுப் பிள்ளை அதைச் செய்யும்போது பெரியவர்களும் அருகில் அமர்ந்து, எந்த ஆவணம் எங்கே வைக்கப்படுகிறது என்று கேட்டறிந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வது நன்று. படித்த பிள்ளை வெளியூர் போன பின்பும் குடும்பத்தின் ஆவணங்கள் குடும்பத்தின் கையிலேயே இருக்க வேண்டும்.