மறுக்கத் தெரிந்த பாவை

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தாழ்வுபாட்டு வீதி வழியே நாம் ஒரு மாணவனின் இல்லத்தை நாடிச் சென்றோம். மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள அம்மீனவர் ஊரில், கரையேற்றிய வள்ளங்கள் மணலிற் சாய்ந்து கிடந்தன. கிழிந்த வலைகளைச் சீர்செய்வோர் பனைநிழலில் அமர்ந்திருந்தனர். கரையோரக் காற்றாலைகள் ஓயாது சுழன்றுகொண்டிருந்தன. மாணவன் உயர்தர வகுப்பிற் பயில்பவன், நல்ல அறிவுடையவன். எனினும் சில கிழமைகளாக வகுப்பில் உறங்கி வழியலானான். காரணத்தை அறிதற்கே யாம் சென்றோம்.

வாயிலிலேயே அவன் தாயார் முறையீடு செய்தார். “சேர், நீங்களே கேளுங்கோ. சாமம் ஒரு மணி, ரெண்டு மணிக்கும் இவன் ஒரு வெள்ளைக்காரியோட கதைக்கிறான். ஆரெண்டு கேட்டால் சிரிக்கிறான்.”

பையனோ நாணத்துடன் தன் கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினான். அந்த வெள்ளைக்காரியின் பெயர் ஜாஹிரா. அவள் மானிடப் பெண்ணே அல்லள். ‘பால்டர்ஸ் கேற்’ என்னும் கற்பனைக் கதை விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு பாத்திரம். இடையிடையே ஒலிக்கும் அவள் குரலையும், ஆங்கிலம் பழகும் பொருட்டு மறுமொழிகளை வாய்விட்டு வாசிக்கும் மகனின் குரலையும் கேட்டே தாயார் அஞ்சியிருக்கின்றார். கண்டிக்கச் சென்ற நாம், அவன் கூறிய கதையைக் கேட்டு ஒரு நாழிகைக்கு மேல் அங்கே இருந்துவிட்டோம். புறப்படும் வேளையில் அவன் எம்மை ஒரு வினா வினவினான். அவ்வினாவை ஈற்றிற் கூறுவோம். தாயும் மகனும் இசைந்தமையாலும், அவர்களை அடையாளங் காட்டும் செய்திகளை மாற்றியமையாலுமே இதனை எழுதத் துணிந்தோம்.

இவ்விளையாட்டு யாதெனப் பெற்றோர் பலர் அறியார். கூத்தை அறிந்தோர்க்கு அதனை விளக்குதல் எளிது. மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிற் கூத்து மரபு பழையது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என அதனை இரு வகையாகப் பகுப்பர். பகலில் வலையிழுத்தவன் இரவில் முடிபுனைந்து அரசனாவான். ஆடவனொருவனே பெண்வேடம் பூண்டு அரசியாவான். அரசன் அரசியிடம் காதல் கூறுவான், ஊரார் கண்கலங்குவர். பொழுது விடிந்தால் வேடம் கலையும். அவ்வாறே இவ்விளையாட்டை ஆடுவோனும் ஒரு வேடம் பூணுகின்றான். வேறுபாடு ஒன்றே. அண்ணாவியார் பழக்கிய பாட்டையன்றிப் பிறிதொன்றைக் கூத்தன் பாடுதல் இயலாது. இங்கோ ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நான்கு மறுமொழிகள் எழுத்தில் தோன்றும். அவற்றுள் ஒன்றை ஆடுவோனே தெரிந்தெடுப்பான். அத்தெரிவுக்கேற்பக் கதை திரும்பும்.

இதன் மூலம் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டாகும். தாளும் பென்சிலும் பகடையுமே அதற்குக் கருவிகள். நண்பர் சிலர் மேசையைச் சுற்றியமர்ந்து வீரராகவும் மந்திரவாதியாகவும் பேச, ஒருவர் அண்ணாவியார் போன்று கதையை நடத்துவார். அதன் விதிகளைக் கணினிக்குக் கொணர்ந்து, கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவெயர் நிறுவனத்தார் 1998இல் ‘பால்டர்ஸ் கேற்’ விளையாட்டையும், 2000இல் அதன் இரண்டாம் பாகத்தையும் ஆக்கினர். பின்னாளிற் கைத்தொலைபேசியில் ஆடத்தக்க பதிப்பும் வந்தது. அதுவே தாழ்வுபாட்டை அடைந்தது.

வீரன் தனியே செல்வதில்லை. துணைவர் ஐவர் வரை உடன் செல்வர். அவர்களுக்கும் ஊரும் பழங்கதையும் மனக்குறையும் உண்டு. வழியில் வீரனோடும் தம்முள்ளும் உரையாடுவர். அவ்வுரையாடல் முதிர்ந்து சிலரிடத்துக் காதலாகவும் மலரும். இரண்டாம் பாகம் முதலில் வெளிவந்தபோது, ஆடவனாக வேடம் பூண்டவனுக்குக் காதலியராகத் தக்கார் மூவர் அமைந்தனர்; பெண்ணாக வேடம் பூண்டவளுக்கோ அனோமன் என்னும் ஒருவனே அமைந்தான். கற்பனை உலகிலுங்கூட மாப்பிள்ளை வீட்டார்க்கே தெரிவு மிகுதி போலும்! பின்வந்த விளையாட்டுகளில் இக்குறை பெரிதும் நீங்கிற்று.

ஜாஹிராவின் கதை எம்மையும் தொட்டது. கதையின் தொடக்கத்தில் வீரனும் துணைவரும் ஒரு மந்திரவாதியின் பாதாளச் சிறையிற் கிடக்கின்றனர். தப்பிச் செல்லும் வழியில் ஜாஹிரா தன் கணவன் காலிதின் உயிரற்ற உடலைக் காண்கின்றாள். அழுது நிற்பதற்கும் அவளுக்குப் பொழுதில்லை. பின்னர் நெடுந்தூரம் உடன் வருகின்றாள், கடுஞ்சொல் உடையவள், கடமை தவறாதவள். விளையாட்டினுள் நாட்கள் பல சென்ற பின்னரே, இடைவிட்டு இடைவிட்டுத் தன் துயரை வெளியிடுகின்றாள். தன் மனம் மீண்டும் ஒருவனை நாடுவதை உணர்ந்து, இறந்தவனுக்கு இழைக்கும் துரோகமோ இஃது என அவளே அஞ்சுகின்றாள். அவ்வேளையில் ஆடுவோன் அவசரப்பட்டோ பரிகசித்தோ மறுமொழி தெரிந்தெடுத்தால் காதற்கதை அவ்வளவில் முடிந்துபோம். பொறுத்துக் கேட்பவனுக்கே அது வளரும்.

இது காதல்தானா என்பது பெரியோர் வினா. எம் பழைய இலக்கணத்தை அணுகுவோம். தொல்காப்பியர் அகத்தை ஏழாக வகுத்தார். இருவர் மனமும் ஒன்றுபடுவது அன்பின் ஐந்திணை. ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. எழுத்தாளர் எவரோ என்றோ எழுதிவைத்த சொற்களையே பேசும் பாவைக்கு மனம் ஏது? ஆதலின் ஐந்திணையின்பாற் படுதல் கூடாது. கைக்கிளை எனலாமோ எனின், கைக்கிளைத் தலைவன் மறுமொழி பெறாதவன். இவனோ மறுமொழி பெறுகின்றான். கொல்லிமலைப் பாவை தன் எழிலால் மட்டும் மயக்கிற்று. இந்தப் பாவை பேசியும் மயக்குகின்றது. எட்டாந் திணையொன்று வகுக்க வேண்டுமாயின் வகுத்துக்கொள்ளலாம். எமக்கோ திணையின் பெயரினும், அங்கே பழகும் பழக்கம் யாது என்பதே பெரிதாகத் தோன்றுகின்றது.

ஈண்டு ஓர் ஆபத்து உளது. சில விளையாட்டுகளிற் காதல் ஒரு பேரேட்டுக் கணக்காகவே அமைந்துள்ளது. இதே பயோவெயர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ விளையாட்டில், ஒவ்வொரு துணைவரின் மனநிலைக்கும் குறை நூறு தொடக்கம் நிறை நூறு வரை புள்ளிகள் உண்டு. இனிய சொல் கூறினாற் புள்ளி ஏறும். பரிசில் கொடுத்தாலும் ஏறும். ஒருத்தியின் உள்ளத்தை அறியாதவனும் அவள் விரும்பும் நகையைத் தேடிக் கொடுத்து அன்பைப் பெற்றுவிடலாம். இத்தனை கொடுத்தேன், இத்தனை அன்பு வரவேண்டும் என்று எண்ணப் பழகிய இளைஞன், நாளை மெய்யான பெண்ணொருத்தி ‘விருப்பமில்லை’ என்றுரைக்குங்கால் என் செய்வான்? தன் கணக்குப் பிழைத்ததெனச் சினங்கொள்ளான் என்பது என்ன நிச்சயம்?

இளைஞரை இவ்வாறு கடியும் பெரியோர் தம் வீட்டையும் சற்றே நோக்குதல் வேண்டும். காணி இத்தனை, வீடு ஒன்று, நகை இத்தனை பவுண், கையில் இத்தனை இலட்சம் எனச் சீதனக் கணக்கெழுதித் திருமணம் பேசுவோர் யாவர்? இந்துக்களாகிய எம் வீடுகளிலும் அக்கணக்கு நடக்கின்றது. அன்பைப் பொருளால் அளக்கும் பேரேட்டைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. அஃது எம் கூடத்து அலுமாரியில் நெடுங்காலமாகவே இருந்துவருகின்றது.

எனினும் நல்ல கதையாசிரியர்கள் அக்கணக்கைத் தாமே கிழித்தெறிவதும் உண்டு. மேற்கூறிய விளையாட்டில் அலிஸ்டர் என்றொரு துணைவன் வருகின்றான். அவன் தந்தையெனப் போற்றிய தலைவரைப் போர்க்களத்திற் கைவிட்டுச் சாகவிட்ட ஒரு தளபதி ஈற்றிற் பிடிபடுகின்றான். அத்தளபதியை மன்னித்துத் தன் அணியிற் சேர்த்துக்கொள்ளும் உரிமை ஆடுவோர்க்கு உண்டு. சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் அணியில் நில்லான். ஆடுபவள் அவனைக் காதலித்து எத்துணைப் புள்ளிகள் சேர்த்திருப்பினும் அவை அவனைத் தடுத்து நிறுத்துவதில்லை. தன் மானத்துக்கு ஒவ்வாததைச் செய்தவளிடம் ‘இல்லை’ என்று கூறும் ஆற்றல் அப்பாத்திரத்துக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்விடத்திலேயே பாவை சற்று மனிதனாகின்றது.

பெல்ஜியம் நாட்டின் கென்ற் நகரைச் சேர்ந்த லாரியன் நிறுவனத்தார் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேற்’ மூன்றாம் பாகம், அவ்வாண்டின் சிறந்த விளையாட்டெனப் பரிசு பெற்றது. அதில் வரும் அஸ்டாரியன் என்பவன் இருநூறு ஆண்டுகள் ஓர் இரத்தக்காட்டேரிப் பிரபுவுக்கு அடிமையாயிருந்து, தன் அழகைத் தூண்டிலாக்கிப் பிறரை இழுத்துவரப் பணிக்கப்பட்டவன். அவன் வீரனிடம் காட்டும் முதற்காதலும் தன்னைக் காத்துக்கொள்ளும் தந்திரமே. பின்னர் அதனை அவனே ஒப்புக்கொள்கின்றான். அப்போது அவன்மீது எதனையும் வற்புறுத்தாது உடனிருக்கும் வழியும் ஆடுவோர்க்குத் திறந்திருக்கின்றது. அவனுக்குக் குரல் கொடுத்த நீல் நியூபன் அவ்வாண்டின் சிறந்த நடிப்புக்கான பரிசைப் பெற்றார். நூறாண்டு கடந்த முதியவளாக எம் ஜாஹிராவும் அதில் வருகின்றாள். பெற்றோரில்லாப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்து வாழ்கின்றாள். அவளைக் காதலிக்க அங்கே வழியில்லை. பெற்றோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஐரோப்பியத் தரப்படுத்தலின்படி இம்மூன்றாம் பாகம் 18 வயது நிரம்பியோர்க்கே உரியது. விளையாட்டின் உறையிலோ விற்பனைப் பக்கத்திலோ வயதுக்குறி இருக்கும். பிள்ளையைக் கண்டிக்குமுன் அக்குறியைப் பார்த்தல் நன்று.

உறக்கத்தைக் கெடுக்கும் எதுவும் மாணவனுக்கு ஆகாது. இதனை அன்றே அவனுக்கு உரைத்தோம். ஆயினும் இவ்விளையாட்டுகளில் ஒரு நன்மை உண்டு. கதை முடிகின்றது, முடிந்தபின் ஆடியவன் எழுந்து செல்லலாம். இந்நாளிற் பரவிவரும் செயற்கை அறிவுத் தோழியரோ முடிவில்லாது பேசுவர். அவர்களுட் பலர் கேட்போன் விரும்புவதையே திரும்பக் கூறுவர், மறுத்துரைத்தல் அரிது. எம் அச்சம் அங்கேதான் மிகுதி. மறுக்கத் தெரியாத ஒன்றனிடம் பெறும் ‘ஓம்’ என்னும் சொல்லுக்கு விலை ஏது?

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். அவன் தந்தை ஆறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்குச் சென்றவர், மீண்டிலர். தாயார் தையல் வேலை செய்து அவனை வளர்த்து வருகின்றார். அண்மையில், தாரமிழந்த ஒருவர் அவரை மணக்க விரும்பிப் பெரியோர் வாயிலாகக் கேட்டனுப்பினார். உறவினர் முகஞ்சுளித்தனர். தாயார் ஒரு சொல்லும் கூறுமுன்பே மகன் ‘வேண்டாம்’ என்று கூறிவிட்டான். அதன்பின் அவ்வீட்டிற் பேச்சுக் குறைந்தது. ஜாஹிராவின் கதை அவன் கைக்கு வந்ததும் அந்நாட்களிலேயே.

படலை வரை எம்முடன் வந்தவன் தாழ்ந்த குரலிற் கேட்டான்: “சேர், அவவும் புருசனை இழந்தவதானே. அவ திரும்பச் சந்தோசமா இருக்கவேணும் எண்டு நான் எத்தினை ராத்திரி முழிச்சிருந்து விளையாடினன். அப்ப அம்மாவுக்கு மட்டும் ஏன் சேர் நான் வேண்டாம் எண்டு சொன்னனான்?”

கைம்பெண் மறுமணத்துக்கு இந்தியாவிற் சட்டம் இயற்றப்பட்டது 1856இல். அவன் சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபையும் அதனைத் தடுப்பதில்லை. சட்டத்தையும் சமயத்தையும் கடந்து தடையாக நிற்பது உறவினர் வாயே. இவற்றையெல்லாம் அவனுக்குக் கூற எண்ணினோம், கூறவில்லை. “தம்பி, ஜாஹிராவிடம் அவ மனசில என்ன இருக்கெண்டு கேட்டு, மறுமொழி வரும்வரை காத்திருந்தாய். அம்மாவிடம் கேட்டாயோ?” என்று மட்டும் வினவினோம்.

“இல்லை சேர்.”

“‘ஓம்’ எண்டு சொல்லுறதும் ‘வேண்டாம்’ எண்டு சொல்லுறதும் அவவின்ர உரிமை. உன்ர கையில இருக்கிறது கேக்கிறது மட்டுந்தான்.”

எழுதிவைத்த மறுமொழிகள் நான்கு தோன்றாத உரையாடல் அது. முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பி மீண்டும் தொடங்கவும் அங்கே இயலாது. கதைகளிற் காதலை ஆடிப் பார்ப்பதன் பயன், அத்தகைய ஓர் உரையாடலுக்கு உள்ளம் சற்றேனும் ஆயத்தமாதலே எனக் கருதுகின்றோம். அப்பயனை அளிக்கும் விளையாட்டை நாம் வெறுத்தல் தகாது. அதனை அளியாது புள்ளிகளை மட்டும் எண்ணப் பழக்கும் விளையாட்டை, சீதனப் பேரேட்டோடு சேர்த்தே ஒதுக்கிவைத்தல் தகும்.

துவிச்சக்கர வண்டியை வீதிக்கு உருட்டிக்கொண்டு திரும்பி நோக்கினோம். பையன் தொலைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, தாயார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அடுக்களைக்குட் சென்றான். அவர் யாது மறுமொழி கூறினார் என்பதை இன்றுவரை நாம் கேட்கவில்லை. அஃது எம்மிடம் கூறவேண்டியதுமன்று.