நடுக்கள ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ்

திருவெறும்பூர் பெல் டவுன்ஷிப் பக்கம் சாயங்காலம் பந்து உதைக்கிற தம்பிகளே, இந்தத் துளி உங்களுக்கு.

மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊரான இரவிபுத்தன்துறையில் 1994-இல் பிறந்தவர். சென்னை சிட்டி அணியில் பெயரெடுத்த இந்த நடுக்கள ஆட்டக்காரரை 2018-இல் ஜாம்ஷெட்பூர் அணி எடுத்துக்கொண்டது. பெல் மாதிரியே ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் அது; அணியும் டாடா ஸ்டீலுடையது.

அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் பின்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்திவிட்டு, இடப்பக்கம் முழுவதையும் சூசைராஜிடம் விட்டார். பந்து தம் அணியிடம் இருந்தால் ஏறித் தாக்க வேண்டும். பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி ஓடித் தடுக்க வேண்டும். ஆட்டம் முடிகிறவரை இதே ஓட்டம்தான். மறுநாள் பேப்பரில் கோல் அடித்தவர் படம்தான் வரும், அது வேறு விஷயம்!

2020 மார்ச் 14. கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதிப்போட்டி. கொரோனாவால் கேலரியில் ஒரு ரசிகர்கூட இல்லை. ஏடிகே 3-1 என வென்று கோப்பையைத் தூக்கியது. தோற்றது யார் தெரியுமா? நம்ம சென்னையின் எஃப்.சி.!

அதே நவம்பரில் புதிய சீசனின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜுக்கு முழங்காலில் பலத்த காயம். சீசனே போயிற்று. தேறி வந்தவர் 2022-இல் ஒடிசா அணியில் சேர்ந்தார். உடன்பிறந்த மைக்கேல் ரெஜினும் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்தான்.